இருபத்து மூன்றாவது குறிப்பு

என் பயணத்துக்கு வேறொருவனை அனுப்புகிறார்கள் என்பதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. முதலாளி கஸ்தூரிரங்கன் என் மேஜையைத் தாண்டிப் போகும்போது, ஃபேனை அணைக்கச் சொல்வதுபோலச் சொன்னார்.

“பிரிஸில்லா, வியட்நாமுக்கு நம்ம சாய்நாத் போறான். முதல் தடவை வெளிநாடு, ஒண்ணும் தெரியாது அவனுக்கு. எப்படிப் பேசணும், எப்படி நடந்துக்கணும், எல்லாத்தையும் பாயிண்ட் பாயிண்டா எழுதிக் குடுத்துடு. உனக்குத்தான் அந்த ஊர் அத்துப்படியாச்சே.”

அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. அத்துப்படி ஆனதெல்லாம் ஈக்காட்டுத்தாங்கலில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். தண்ணீர் பம்புக்குள் போகும் ரப்பர் சீல் செய்கிற கம்பெனி எங்களுடையது. வியட்நாமின் ஹைஃபாங் நகரத்திலிருந்து வரும் ஆர்டர்தான் எங்கள் வேலையில் பாதி. அதைப் பிடித்தவள் நான். நான்கு வருஷமாக, சரக்கு தாமதமானால் மன்னிப்புக் கேட்பவளும் நான். “நீயே ஒருதரம் நேர்ல போய், மூணு வருஷ காண்ட்ராக்டைப் பேசி முடிச்சுட்டு வந்துடு” என்று தீபாவளிக்கு முன்னால் சொன்னவர் இதே கஸ்தூரிரங்கன். அந்த வாய்வார்த்தையை நம்பிப் பாஸ்போர்ட் எடுத்தேன். பாண்டி பஜாரில் நீலக்கலர் சூட்கேஸ் வாங்கினேன். அது சாந்தோமில் எங்கள் வீட்டு பீரோ மேல் உறை பிரிக்காமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அம்மா செய்தி சொல்லி முடித்திருந்தாள்.

“நான் போறதாத்தானே சார் இருந்துச்சு?” என்றேன்.

“தப்பா எடுத்துக்காதே. காண்ட்ராக்ட் பேசறச்சே நம்மாத்து மனுஷா ஒருத்தர் போனாத்தான் அவாளுக்கும் ஒரு மரியாதை.”

பன்னிரண்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கும் நான் யார் வீட்டு மனுஷி என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

சாய்நாத் அவர் தங்கை மகன். கம்பெனிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எழுத உட்கார்ந்தேன். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடு. ரோட்டைக் கடக்கும்போது ஓடாதே, நடுவில் நிற்கவும் செய்யாதே. மெதுவாக ஒரே சீராக நட, வண்டிகள் உன்னைச் சுற்றிக்கொண்டு போகும். இருபதாயிரம் நோட்டும் ஐந்து லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம், பார்த்துக் கொடு. வயதைக் கேட்டால் கோபப்படாதே. எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். டீ கொடுத்தால் ஒரு வாயாவது குடி. இப்படி இருபத்திரண்டு. எல்லாம் எனக்காக நான் சேர்த்து வைத்திருந்தவை.

வயது விஷயம் ஹான் சொன்னது. ஹான் அந்த ஹைஃபாங் கம்பெனியின் கொள்முதல் மேலாளர். பழகிய முதல் மாதமே என் வயதைக் கேட்டாள். அவள் இரண்டு வருஷம் மூத்தவள் என்று தெரிந்ததும், இனி என்னை அக்கா என்று கூப்பிடு என்று எழுதினாள். இருவருக்குமே அரைகுறை ஆங்கிலம்தான். அதிலேயே எல்லாம் பேசினோம். வருஷா வருஷம் அப்பா இறந்த நாளில் பூசை முடிந்து வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி போடுவோம் என்று நான் எழுதியபோது, எங்களுக்கும் அப்படித்தான் என்று பதில் எழுதினாள். நான் வரப்போகிறேன் என்று தெரிந்ததும் வந்த மெயில் இது: “நீ இருக்கும் வாரத்தில் புதன்கிழமை என் அப்பாவின் திதி. அன்றைக்கு என் வீட்டுக்கு வா. அப்பா படத்துக்கு ஊதுபத்தி ஏற்று. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடு. அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.”

இருபத்து மூன்றாவதாக இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். கஸ்தூரிரங்கன் வீட்டில் இன்னொருத்தர் வீட்டுத் திதிச் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். எங்கள் ஃபோர்மேன் தணிகாசலத்தின் அப்பாவுக்குக் காரியம் நடந்தபோது, முதலாளி போய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அது அவர்கள் வழக்கம். எனக்கு அதில் புகார் கிடையாது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஹான் புரிந்துகொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு வரி, சாய்நாத்துக்கு ஒரு வரி, அவ்வளவுதான். மனம் வரவில்லை. பயணத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், அந்த அழைப்பையும் நானே மடித்து அவன் பெட்டியில் வைக்க வேண்டுமா? போய் முட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சரியாக அதே வார்த்தையில்தான் நினைத்தேன்.

எனக்குப் பதில் சாய்நாத் வருகிறார் என்று ஹானுக்கு எழுதினேன். அவர் என்ன சாப்பிடுவார் என்று கேட்டாள். சைவம் என்றேன். அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். அப்போதும் சொல்லியிருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தான். காண்ட்ராக்ட் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்களாம். முதலாளி அவனை அறைக்குள் நிறுத்தி, என்னையும் கூப்பிட்டார்.

“திடீர்னு ஆத்துக்குக் கூப்பிட்டா மாமா. போனா, செத்துப்போனவர் படம், ஊதுபத்தி, படையல். சிராத்தம்னு புரிஞ்சுது. வயிறு சரியில்லேன்னு சொல்லிட்டேன். அவாத்து அம்மா கிண்ணத்தைக் கைல வெச்சுண்டு பக்கத்துலயே நின்னுண்டிருந்தா. எனக்காகத் தனியா வெஜிடேரியன் பண்ணினாளாம்.”

“அப்புறம்?”

“சாயங்காலம் அந்த லேடி கஞ்சியும் மாத்திரையும் எடுத்துண்டு ஹோட்டலுக்கே வந்துட்டா. நான் ரூம்ல...” சாய்நாத் என்னைப் பார்த்தான். “அம்மா குடுத்தனுப்பின குக்கர்ல சாதம் வெச்சு, பருப்புப்பொடி போட்டுச் சாப்பிட்டுண்டிருந்தேன்.”

கஞ்சிப் பாத்திரத்தோடு வாசலில் நிற்கும் ஹானை நினைத்தேன். முட்டிக்கொண்டது இவன் இல்லை.

முதலாளி கத்தினார். “எல்லாத்தையும் பிரிஸில்லா எழுதிக் குடுத்திருப்பாளேடா! படிச்சியா?”

“மொதப் பக்கம் படிச்சேன் மாமா.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீ எழுதிக் குடுத்தே இல்லையா?”

“இருபத்திரண்டு பாயிண்ட் எழுதினேன் சார்,” என்றேன்.

“பாத்தியாடா! ஒரு காகிதத்தைத் திருப்பிப் பாக்கத் துப்பில்லே.”

சாய்நாத் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். “சாரி மேடம். நீங்க அவ்வளவு சிரமப்பட்டு எழுதியிருந்தேள்.” பரவாயில்லை என்று சொன்னேன். அவனுக்கு வேறொன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் கோயம்புத்தூர் வியாபாரம் முழுவதையும் அவன் கையில் கொடுத்தார்கள்.

அவன் திரும்பி வந்த மூன்றாம் நாள் ஹானின் மெயில் வந்தது.

“தங்கைக்கு, நீ அவரிடம் எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருப்பாய். எனக்குத் தெரியும். அதனால் உன்மேல் வருத்தமில்லை. எங்கள் வீட்டுச் சோறு சுத்தமில்லை என்று நினைத்துவிட்டாரா என்று அம்மா இன்னமும் கேட்கிறாள். காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்தாள். காண்ட்ராக்ட் விஷயத்தில் என் மேலதிகாரிக்கு நான் என்ன சொல்வேன்? உங்கள் நிறுவனத்தில் எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ வா. அம்மா உனக்காக இன்னொரு தடவை சமைப்பதாகச் சொல்கிறாள்.”

முதலாளி அதைப் படித்துவிட்டு உடனே டிக்கெட் போடச் சொன்னார். “நீ போனாத்தான் சரிப்படும் பிரிஸில்லா. அப்பவே நீ போயிருக்கணும்.” அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

வீட்டில் அம்மா சந்தோஷத்தில் குதித்தாள். “பொட்டிய இறக்குடி, தூசி ஏறிக்கினு கீது. மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துக்கினேன், வீணா போவல பாத்தியா?” சூட்கேஸை இறக்கித் துடைத்தேன். இத்தனை நாள் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது, ஒரு துளி சந்தோஷம் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாய்நாத் என் மேஜைக்கு வந்தான். கையில் இரண்டு தாள், மூலையில் பின் அடித்தது.

“மேடம், ஃபர்ஸ்ட் ட்ரிப் இல்லையா உங்களுக்கு? இது யூஸ்ஃபுல்லா இருக்கும்னு மாமா குடுக்கச் சொன்னார்.”

என் குறிப்புகள். முதல் தாள் கசங்கி, டீக்கறை பட்டிருந்தது. இரண்டாவது தாளில் மடிப்புகூட விழவில்லை. நான் அந்த வரியை எழுதியிருந்தாலும் அவன் அதைப் பார்த்திருக்கமாட்டான். இதை நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்ள எவ்வளவோ முயன்று பார்த்தேன். அவன் படிக்கவில்லை என்பது அவன் கணக்கு. எழுதாமல் விட்டவள் நான். ஹானுக்கு அன்றுவரை அது தெரியாது.

இருபத்திரண்டாவது பாயிண்டுக்குக் கீழே இடம் நிறைய இருந்தது. பேனாவை எடுத்து எழுதினேன்.

23. ஊதுபத்தி ஏற்று. ஹானின் அம்மா பக்கத்தில் உட்கார். அவர்கள் கிண்ணத்தை நீட்டும்போது, கையில் வாங்குவதற்கு முன்னால், அவனிடம் நான்தான் சொல்லவில்லை என்று ஹானிடம் சொல். அதற்குப் பிறகும் கொடுத்தால் சாப்பிடு.