கத்தினால் கேட்காது

காலையில் போன கரண்ட் மத்தியானம் தாண்டியும் வரவில்லை. அது போன கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் படுத்துவிட்டது. ஆடி மழையில் வண்டிப்பெரியாருக்கு இது புதிதில்லை. யோகப்பிரியாவுக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மேசைக்குப் போனாள், ஜன்னலுக்குப் போனாள், மறுபடி மேசைக்கே வந்தாள்.

மேசையில் அவளே கூட்டிச்சேர்த்த ரேடியோ இருந்தது. அதில் பாதி வேலையைச் செய்வது உள்ளே அவள் எழுதி ஏற்றியிருக்கும் நிரல். இதுவரை அது தூரத்து ஆட்கள் பேசும் பழைய முறையை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. கணவன் பாண்டீஸ்வரனின் கையில் இருப்பதோ எஃப்.எம். வாக்கிடாக்கி. அவன் பேசினால் இவள் செட்டில் வாத்து கத்துவதுபோல் இருக்கும். இரண்டு பேருக்கும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருந்தும் பேசிக்கொள்ள வழியில்லை.

அதற்காகத்தான் வாக்கிடாக்கியின் நேரோபேண்ட் எஃப்.எம். பேச்சைப் பிரித்தெடுக்கும் பகுதியை எழுதி நேற்று ஏற்றினாள். பாண்டீஸ்வரன் அடுப்படியில் நின்று வாக்கிடாக்கியில் பேசினான். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"முடிஞ்சிருச்சு. இனிமே நீங்க எங்க இருந்து பேசுனாலும் கேக்கும். தைரியமா போங்க" என்று சொன்னவள் அவள்தான்.

அந்த வார்த்தையை நம்பித்தான் அவன் இன்று எஸ்டேட் ஜீப்பை எடுத்துக்கொண்டு மேல் டிவிஷனுக்குப் போயிருக்கிறான். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர் ஊறிப்போய்ச் சரிந்து நிற்கிறது. அதில் குடியிருக்கும் கருப்பாத்தாளையும் பிள்ளைகளையும் கீழே முகாமுக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் ஒரு சப்பாத்து உண்டு. ஓடைக்குக் குறுக்கே கைப்பிடி இல்லாமல் தாழ்வாகப் போட்ட கான்கிரீட் பாலம்.

மலைக்கு அந்தப் பக்கம், அதே ஓடையின் மேல்கரையில், பின்சியின் வீடு. அவளும் லைசென்ஸ்காரி, அவளிடம் இருப்பதும் எஃப்.எம். வாக்கிடாக்கிதான். சற்றுமுன் அவள்தான் கூப்பிட்டாள். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரல், ஆனால் சொல் சொல்லாகக் கேட்டது.

"யோகாக்கா, இங்க ஓடை கரைய அரிச்சிட்டு வருது. மரமெல்லாம் வருது. கொஞ்ச நேரத்துல உங்க சப்பாத்துக்கு வந்துரும். அண்ணன்ட்ட சொல்லிருங்க."

யோகப்பிரியா உடனே மைக்கை அழுத்தினாள். "சப்பாத்துல எறங்காதீங்க. கேக்குதா?"

பதில் வந்தது. அலையின் பலம் காட்டும் முள் முழுக்க ஏறி நின்றது. அத்தனை பலமான அலை. ஆனால் ஸ்பீக்கரில் வந்தது பேச்சல்ல, துண்டு துண்டாக வெட்டிப்போட்ட கரகரப்பு. திரும்பச் சொன்னாள். திரும்பவும் அதே கரகரப்பு. கேட்டானா, நின்றானா, ஏற்கெனவே பாலத்துக்குள் வண்டியை விட்டுவிட்டானா, ஒன்றும் தெரியவில்லை.

மாமியார் சின்னத்தாய் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, நேத்து வாய் கிழிய முடிஞ்சிருச்சின்ன. இதானா அது?"

"நேத்து கேட்டுச்சே அத்தை."

"அடுப்படியில பேசுனா பெட்டி எதுக்கு? எனக்கே கேக்குமே. அந்த மைக்கக் கொண்டா, நான் கூப்பிடுதேன்."

"லைசென்ஸ் இல்லாதவங்க பேசக்கூடாது."

"என் மகன்ட்ட பேச எனக்கு எவன் லைசென்ஸ் குடுக்கணும்?"

யோகப்பிரியா ஆன்டெனா வயரை ஆட்டிப் பார்த்தாள். ஒலியைக் கூட்டினாள், குறைத்தாள். மலை மறைக்கிறதென்றால் முள் ஏறாதே. எழுதியது தப்பென்றால் பின்சி பேசுவது மட்டும் எப்படிக் கேட்கும்? நகத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். மறுபடி கரகரப்பு வந்தது. ஓடி வந்தாள். நின்றுவிட்டது.

"எப்படிக் கத்துதான் பாரு, பாவம்" என்றாள் சின்னத்தாய். "உனக்குக் கேக்கலன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துவான். நாலாம் நம்பர் தேயிலக் காட்டுல நின்னு ஆறாம் நம்பர் காட்டுல இருக்கவளக் கூப்பிட்ட வம்சம்லா."

யோகப்பிரியாவின் கை மைக்கின் மேல் அப்படியே நின்றது.

எஃப்.எம்.மில் குரல் உயர உயர அலை இரண்டு பக்கமும் அகலமாக ஆடும். அந்த ஆட்டம் முழுதும் உள்ளே வர, அலையை வடிகட்டும் ஃபில்டரும் அகலமாக இருக்க வேண்டும். அவளோ பழைய முறைக்குப் போட்டிருந்த ஒடுக்கமான ஃபில்டரை மாற்றாமலே விட்டிருந்தாள். பின்சி மெதுவாகப் பேசுகிறவள். அவள் குரல் அதற்குள் அடங்கிவிட்டது. நேற்று அடுப்படியிலும் அப்படித்தான். பக்கத்தில் நிற்கும் பெண்டாட்டியிடம் எவன் கத்துவான்? இன்று அவன் கத்தக் கத்தப் பேச்சு ஃபில்டருக்கு வெளியே போய்விழுகிறது.

நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். மாற்ற லேப்டாப் வேண்டும். அது சார்ஜ் இல்லாமல் காலையிலேயே அணைந்துவிட்டது. ரேடியோ மட்டும் ஜீப்பின் பழைய பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"ஏங்க, கத்தாதீங்க. நீங்க கத்துனா எனக்குக் கேக்காது. மெதுவா பேசுங்க. பிள்ள தூங்குற வீட்டுல பேசுத மாதிரி பேசுங்க."

சின்னத்தாய் நடையை நிறுத்திவிட்டாள். கூரைத் தகரத்தில் மழை மட்டும் கொட்டியது.

பிறகு முள் ஏறியது.

"யோகா," என்றான் பாண்டீஸ்வரன். கூச்சப்பட்ட, தணிந்த குரல். "இது கேக்குதா?"

"கேக்குது. எங்க நிக்கீங்க?"

"சப்பாத்துக்கு மேக்க. வண்டில பிள்ளைங்க இருக்கு. தண்ணி கணுக்காலுக்குத்தான் ஓடுது, ஏன் எறங்கக்கூடாதுன்னு எத்தன தடவ கேட்டேன். நீ சொன்னதையே சொல்லிட்டு இருந்த. செட்டு வேல செய்யல போலன்னு கியர் போட்டுட்டேன்."

"போடாதீங்க. பின்சி வீட்டுப் பக்கம் ஓடை மரத்தோட வருது. இப்ப அங்க வந்துரும். பின்னால எடுங்க, மேட்டுக்கு."

"சரி."

முள் இறங்கியது. யோகப்பிரியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னத்தாயின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

முள் ஏறியது. இந்த முறை காதுக்குள் சொல்வதுபோல் இருந்தது.

"வந்துருச்சு யோகா. சப்பாத்தயே காணோம்."

"எல்லாரும்?"

"மேட்டுல இருக்கோம். மேல எஸ்டேட் ஸ்டோருக்குப் போயிருதோம். அங்க சுவர் நல்லாருக்கு. தண்ணி வடிஞ்சாத்தான் வர முடியும்."

சின்னத்தாய் மருமகளின் தோளைத் தட்டினாள். "சாப்பிட்டானான்னு கேளு." அவளும் குரலைத் தணித்தே சொன்னாள்.

ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. யோகப்பிரியா லேப்டாப்பைத் திறந்து ஃபில்டரை அகலமாக்கி ஏற்றினாள். இனி அவன் மலை அதிரக் கத்தினாலும் கேட்கும். அதைச் சொல்ல மைக்கை எடுத்தபோது அவனே கூப்பிட்டான்.

"யோகா, தூங்கிட்டியா?" அதே தணிந்த குரல்.

"இல்ல, சொல்லுங்க" என்றாள். ஃபில்டரைப் பற்றி அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை.