விண்ணப்பதாரர் ஜுனைதீன்

பள்ளிவாசல் லெப்பை, உடலுக்குச் சுற்றும் கஃபன் துணியைக் கிழிக்கும் சத்தம் உள்ளறையிலிருந்து கேட்டது. நளீரா வாசலில் நின்று பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பா ஜுனைதீன் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழுந்தவர், கைகால் கழுவி ஒளுச் செய்ய உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பெற்ற மகள் இன்றைக்கு யாரை எதிர்பார்த்து நிற்கிறாள் என்று தெரிந்தால் ஊர் காறித் துப்பும். அவள் எதிர்பார்த்தது பிபிலையிலிருந்து வரவேண்டிய விவசாய உத்தியோகத்தரை.

அந்த வருடம் எள்ளு விதைத்தவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. பயிர் நிற்கும்போது உத்தியோகத்தர் பார்க்க வேண்டும். விண்ணப்பித்த ஆளும் நிலத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு பார்வைக்காக வாப்பா முற்றிய எள்ளைப் பத்து நாளாக வெட்டாமல் வைத்திருந்தார். அடிக்காய்கள் வாய்பிளந்து கொட்டத் தொடங்கியிருந்தன. மானியம் கிடைத்தால் அடுத்த போகமும் விதைக்கலாம். கிடைக்காவிட்டால் வேலிக்கு அப்பால் இருக்கும் இந்தச் சேனை நிலத்தைக் கைவிட்டு, உம்மாவும் அவளும் பதுளையில் அண்ணன் மர்ஸூக் நானாவின் துணிக்கடைக்குப் பின்னால் உள்ள அறையில் போய் முடங்க வேண்டியதுதான். புருஷன் தள்ளி வைத்த பிறகு எட்டு மாதம் அந்த அறையில் இருந்து பார்த்தவள் நளீரா. இன்னொரு முறை அவளால் முடியாது.

நானா மர்ஸூக் பக்கத்தில் வந்து நின்றான்.

"யாரப் பாக்குற?"

"எள்ளு பாக்க வர்ற ஐயாவ."

"மையித்து வீட்டுல உனக்கு மானியம் கேக்குதா? வெக்கமா இல்ல?"

"வாப்பா பத்து நாளா வெட்டாம வச்சிருந்தாரே நானா, அது சும்மாவா?"

மர்ஸூக் உள்ளே போய்விட்டான்.

உத்தியோகத்தர் குமாரசிங்கம் ஒரு மணி தாண்டி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முற்றத்துக் கூட்டத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். நளீரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலியோரம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"சரியான கவலையாக் கிடக்கு தங்கச்சி. ஆனா ஆள் நிலத்தில இருக்க வேணும். இல்லையெண்டா உங்கட பேரில புதுசா எழுதிப் போட்டு, அடுத்த போகம்தான்."

"அடுத்த போகம் விதைக்கத்தான் ஐயா இந்தக் காசு."

"எனக்கு விளங்குது. படிவத்துக்கு விளங்க வேணுமே."

அதற்குள் வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெரிய பாதையால் போவதுதான் வழக்கம். நளீரா ஓடிப்போய், முன்பக்கம் தோள் கொடுத்திருந்த மர்ஸூக்கின் குறுக்கே நின்றாள். ஆம்பிளைகள் முகம் சுளித்தார்கள்.

"நானா, சேனைக்குள்ளால கொண்டு போங்க."

"பைத்தியமா உனக்கு? எள்ளெல்லாம் கொட்டிரும்."

"கொட்டினா கொட்டட்டும். ஐயா பாக்கணும்."

மர்ஸூக் அவளைப் பார்த்தான். கையில் தாளோடு வேலியோரம் நின்றவரைப் பார்த்தான்.

"இடது பக்கம் திரும்புங்க," என்றான் மற்றவர்களிடம்.

கலிமா சொல்லிக்கொண்டே எள்ளுக்குள் இறங்கினார்கள். நெஞ்சுயரச் செடிகளில் தூக்கியவர்கள் பாதி மறைந்தார்கள். உடம்பு பட்ட இடமெல்லாம் காய்ந்த காய்கள் வெடித்து எள்ளு பொலபொலவென்று உதிர்ந்தது. பயிருக்கு மேலே சந்தூக்கு மட்டும் முழுதாகத் தெரிந்தது. மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. வாப்பாவை அவள் வழியனுப்பியது இந்த வேலியோரத்தில்தான்.

குமாரசிங்கம் வேலிக்கட்டையில் தாளை வைத்து எழுதினார்: 'விண்ணப்பதாரர் நிலத்தில் இருந்தார்.' இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். அதில் பொய்யில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், கையெழுத்தும் போட்டார்.

"பார்த்தாச்சு தங்கச்சி, இனி வெட்டலாம். எப்ப வெட்டப் போறீங்கள்?" என்றார். படிவத்தில் அதற்கும் ஒரு கோடு இருந்தது.

"வாப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் ஐயா," என்றாள் நளீரா.

அவர் அந்தக் கோட்டை நிரப்பாமலே பேனாவை மூடினார்.