வெள்ளைக்குள் நின்ற ஆள்

பைய நகர்ந்து என் பக்கத்துல வாங்க, செல்லங்களா. இன்னைக்கு ஒரு பனியன் கதை சொல்லுதேன். பயம் வந்தா என் கையைப் பிடிச்சுக்கோங்க.

தொண்ணூற்றாறாம் வருஷம். சங்கரி வண்ணாரப்பேட்டையில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் கடை வைத்திருந்தாள். ஒரு மத்தியானம் குமரகுருபரன் வந்தார். போன தையில் பாபநாசம் ஆற்றோடு போய்விட்ட கார்த்திகேசனின் கூட்டாளி. அவன் பேரில் பாளையங்கோட்டையில் கால்பந்துப் போட்டி நடத்துகிறார்.

பனியனில் அச்சடிக்கச் சொல்லி, கார்த்திகேசன் படத்தை மேசையில் வைத்தார். அந்தக் கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். சின்ன வயசில் ரைஸ்மில்லில் போனதாம்.

"ஆத்துக்குப் போன அன்னைக்கு எடுத்தது. அவன் பொண்டாட்டி பிரம்மநாயகி இந்தக் கடைசிப் படந்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. பின்னாடி கன்னாபின்னான்னு இருந்துச்சு, நானே வெள்ளை பூசிட்டேன். ஆளு மட்டும் வரட்டும்."

"அப்போ படம் எடுத்தது யாரு அண்ணாச்சி?"

"வழிப்போக்கன் எவனாவது எடுத்திருப்பான். தனியாத்தான் போனான். நான் அன்னைக்கு வள்ளியூர்ல கிடந்தேன்."

பனியனில் சாம்பல் நிறம் ஏறாது, மை ஒரே கறுப்பு. அதனால் படத்தைச் சின்னதும் பெரிசுமாகப் புள்ளிகளாய் உடைக்க வேண்டும். ஆளைச் சுற்றி ஒரு புள்ளியும் இல்லாமல், அச்சுக்கு எடுக்கும் ஃபிலிம் கண்ணாடி மாதிரி தெளிந்தால்தான் அந்த இடத்தில் துணி துணியாகவே நிற்கும். கண்ணுக்கு வெள்ளையாய்த் தெரிவதைச் சங்கரி நம்ப மாட்டாள். கம்ப்யூட்டரில் ஏற்றிய படத்தை முதலில் நன்றாய்க் கறுக்க வைத்துப் பார்ப்பாள், ஒளிந்திருக்கும் அழுக்கு வெளியே வந்துவிடும்.

அன்றைக்கும் கறுக்க வைத்தாள். மெலிசான வெள்ளைப் பூச்சுக்குள்ளிருந்து ஒரு ஆள் எழுந்து வந்தான். கார்த்திகேசனுக்குப் பின்னால், அவன் தோளில் கை போட்டபடி. முகம் பாதிதான் தெரிந்தது. கை முழுசாய்த் தெரிந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் பாதி.

சங்கரி தலையைத் தூக்கினாள். எதிரே குமரகுருபரன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரை அவருக்கு முதுகு காட்டி இருந்தது. அழித்துவிட்டால் அவளுக்கு ஒரு வம்பும் இல்லை. ஆனால் பிரம்மநாயகி கடைசிவரைக்கும் ஆற்றைத்தானே திட்டிக்கொண்டிருப்பாள்?

அழிக்கவில்லை. பின்னால் நின்ற ஆளை வெளிறச் செய்து, புள்ளியைப் பெரிசாக்கி, ஃபிலிம் எடுத்தாள்.

அவர் அதை வெளிச்சத்தில் மூக்கோடு வைத்துப் பார்த்தார். "இதென்ன, அம்மை போட்ட மாதிரில்லா இருக்கு?"

"மைக்குப் பிடிப்பு வேணும்லா அண்ணாச்சி."

அரைவிரல் அந்தப் புள்ளிகளின் மேல் போய்ப் போய் வந்தது. பிறகு அவளைப் பார்த்தார்.

"கெட்டிக்காரிதான். வீட்டுக்குத் தனியாத்தான் போவியோ?"

போட்டியன்று காலையில்தான் பனியன்களை மடித்துக் கொடுத்தாள். ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொண்டு மைதான நடுவில் வரிசையாய் நின்றார்கள். குமரகுருபரனும் ஒன்றை மாட்டிக்கொண்டு அவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே போனார். அவர் கண்ணுக்குப் பட்டதெல்லாம் வெறும் புள்ளி. இந்த மாதிரிப் படம் தள்ளி நின்று பார்த்தால்தான் சேரும்.

தள்ளி, பந்தலுக்குள் நாற்காலியில் பிரம்மநாயகி இருந்தாள். பக்கத்தில் சங்கரி. வரிசை இந்தப் பக்கம் திரும்பியது. பிரம்மநாயகி எழுந்துவிட்டாள்.

"ஏட்டி சங்கரி, எங்க வீட்டுக்காரரு தோள்ல கிடக்கே, அது யாரு கை?"

சங்கரி மைதானத்துக்கு நேராய்ப் பார்த்தாள். ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லி, அங்கே குமரகுருபரன் அரைவிரல் கையைத் தூக்கினார்.

சரி, பத்திரமா வீட்டுக்குப் போங்க, செல்லங்களா. உங்க வீட்டுப் படங்கள்ல தோள்மேல கிடக்கிற கையெல்லாம் உங்களைத் தாங்குற கையாவே இருக்கட்டும். குடும்பம் தழைச்சு நிக்கட்டும்.