அறுபது நாள்

கஜனி அந்த உறையை மேசையில் வைத்தபோது நான் சோற்றில் பாதியில் இருந்தேன். சாப்பிட்டு முடியட்டும் என்று அவள் காத்திருந்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய மகள் அட்சயா நீச்சல் வகுப்புக்குப் போய் வரும் இரண்டு மணித்தியாலம்தான் நாங்கள் தனியாகக் கதைக்கக் கிடைக்கும் நேரம். அதில் ஒரு நிமிடத்தையும் வீணாக்காதவள் அவள். ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்கிறவள், எதையும் நேரம் குறித்துச் செய்துதான் பழக்கம்.

"இதை ஒருக்கா வாசியுங்கோ. உடனை சைன் வைக்க வேண்டாம். உங்களுக்கெண்டு வேறை ஒரு லோயரைப் பிடிச்சு, காட்டிப்போட்டுச் சொல்லுங்கோ."

எங்கள் கலியாணத்துக்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து முதல் பக்கத்தை வாசித்தேன். கலியாணத்துக்கு முன்னரே இரண்டு பேரும் எழுதிவைக்கிற ஒப்பந்தம். நாங்கள் பிரிந்தாலோ அவள் இல்லாமல் போனாலோ மல்வேர்னில் இருக்கிற இந்த டவுன்ஹவுஸில் எனக்குப் பங்கில்லை, அது அட்சயாவுக்கு. என்னுடையது என்னுடையது. இனிமேல் சேர்ந்து வாங்குவது இரண்டு பேருக்கும் பொது. பிழையாக ஒன்றும் இல்லை. பிழையாக ஒன்றும் இல்லாததுதான் எனக்குச் சுட்டது.

"துஷாந்தோடையும் இப்பிடி எழுதினீரோ?" என்று அவளுடைய முதல் புருஷனைக் குறித்துக் கேட்டேன்.

"இல்லை."

"ஒண்டுமே எழுதேல்லையோ?"

"எனக்கு அப்ப இருபத்தாறு வயசு, கீதன். என்ன தெரியும்?"

அவள் அதை ஒரு விளக்கமாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது வேறு. இருபத்தாறு வயதுக் கஜனி, ஒரு கேள்வியும் கேட்காத கஜனி, ஒரு கடுதாசியும் இல்லாமல் அவனிடம் போயிருக்கிறாள். அந்தக் கஜனியை நான் பார்த்ததே இல்லை. எனக்கு வந்திருப்பவள் நாற்பது வயதில், எல்லாவற்றையும் மூன்று தரம் வாசித்துப் பார்க்கிறவள். முழுதாக நம்புகிற வயதை எல்லாம் அவனுக்குச் செலவழித்துவிட்டு, மிச்சத்தோடு என்னிடம் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். பிறகும் நினைத்தேன்.

எனக்கு இது முதல் கலியாணம். நாற்பத்தொரு வயதில் முதல் கலியாணம் செய்கிறவனை எங்கள் சனம் ஒரு மாதிரித்தான் பார்க்கும். நான் இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தவன். கரை இறங்கியதும் சில மாதம் மறியலில் அடைத்துவைத்தார்கள், பிறகு அகதிக் கேஸ், கேஸ் முடியவே வருடங்கள் போய்விட்டன. நாட்டில் வைத்திருப்பார்களா அனுப்புவார்களா என்று தெரியாதவனுக்கு ஆர் பெண் தருவார்கள்? தரைக்கும் சுவருக்கும் ரைல்ஸ் போடுகிற வேலையைப் பழகினேன். மூன்று வருடத்துக்கு முன்னர் கஜனியின் குளியலறைக்கு ரைல்ஸ் போடப் போனேன். வேலை முடிந்த பிறகும் ஏதாவது சாட்டில் போய்வந்தேன். அந்த வீட்டின் சமையலறைச் சுவரில் அடுப்புக்குப் பின்னால் துஷாந்த் தன் கையால் போட்ட ரைல்ஸ் இருக்கிறது. ஒரு வரிசை இறங்கி ஒரு வரிசை ஏறி நிற்கும். உடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத்தாறேன் என்று இரண்டு தரம் கேட்டேன். "கிடக்கட்டும், அது ஒண்டும் செய்யேல்லை" என்றாள். போனில் அவனுடைய படத்தை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவன் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம், வேலை இடத்தில், வேனுக்குள் இருந்து பாண் தின்றுகொண்டு மிச்சப் பக்கங்களை வாசித்தேன். கடைசியில் அவளுடைய சொத்து விபரம். ஒருவருக்கொருவர் ஒன்றையும் ஒளிக்கக் கூடாதாம், அதுதான் முறையாம். அவளுக்கு மூன்று பக்கம். என்னுடையதை எழுதினால் அரைப் பக்கம் வரும், அதிலும் பாதி இந்த வேன். மூன்றாம் பக்கத்தின் நடுவில் அந்த வரி இருந்தது. பதினொரு பவுண் தாலிக்கொடி, பாங்க் லொக்கரில், மகளுக்கு.

துஷாந்த் கட்டிய கொடி. ஆறு வருடத்துக்கு முன்னர் கோட்டில் விவாகரத்து எடுத்துப் பிரிந்த பிறகும் வைத்திருக்கிறாள். மூன்று வருடமாக என்னோடு பழகுகிறாள், ஒரு சொல் சொல்லவில்லை. நான் ஏழு பவுணில் செய்யக் கொடுத்திருந்தேன். மிச்சப் பாணைச் சுற்றி வைத்தேன்.

எனக்கென்று ஒரு லோயரை அஜின்கோர்ட்டில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் கண்டுபிடித்தேன். பேர்ணடெற் என்று ஐம்பது வயதுப் பெண். தமிழிலேயே கதைத்தார். பத்திரத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு இதிலை என்ன கோவம்?"

"கோவம் ஒண்டும் இல்லை, அக்கா."

"சரி. அப்ப கேளுங்கோ. கலியாணத்துக்கு முந்தியே அவ வச்சிருந்த வீடெண்டாலும், ரெண்டு பேரும் அதிலை குடும்பமா இருந்தா, பிரியேக்கை அதின்ர பெறுமதியை ரெண்டாப் பிரிக்கத்தான் இஞ்சத்தைச் சட்டம் பாக்கும். அவ ஒருக்கா முதல் புருஷனிட்டை இருந்து அந்த வீட்டிலை பாதியைக் காசு குடுத்துத் திருப்பி வாங்கினவ. ரெண்டாந்தரம் வாங்க ஏலாதெண்டு எழுதியிருக்கிறா. அது அவவின்ர பக்கம். உங்கட பக்கத்திலை என்ன வேணும்?"

"எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"ஒண்டும் வேண்டாமெண்டு இந்தக் கதிரையிலை இருந்து சொன்ன ஆக்கள் எல்லாம் பிறகு வேணுமெண்டு வந்தவை. யோசியுங்கோ. நாளைக்கு அவ உங்களுக்கு முந்திப் போயிட்டா எண்டு வைப்பம். இந்தப் பேப்பரிலை சைன் வச்சா வீடு பிள்ளையின்ர. நீங்கள் அதிலை வாடகை இல்லாமல் அறுபது நாள் இருக்கலாம். சட்டம் தாறது அவ்வளவுதான். கூட வேணுமெண்டா இப்ப கேட்டு எழுத வேணும்."

அறுபது நாள் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. இந்த ஊரில் எட்டு வீடுகளின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, வாடகைக்கு இருந்திருக்கிறேன். மகனுக்குக் கலியாணம், ஊரிலிருந்து மாமி வாறா, வீட்டை விக்கப் போறம் என்று வீட்டுக்காரர் வீட்டை விட்டு எழும்பச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் நல்ல மனிதர்கள்தான், மரியாதையாகத்தான் சொன்னார்கள், இரண்டு மாதம் தருகிறோம் என்று. நான் சாமான்களைப் பெட்டியிலிருந்து முழுதாக எடுத்து வைக்கிற பழக்கத்தையே ஐந்தாம் வீட்டோடு விட்டுவிட்டேன். பேர்ணடெற்றிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். படியிறங்கும்போது நான் யோசித்ததோ கொடியைப் பற்றித்தான்.

அந்தச் சனிக்கிழமை அட்சயா தகப்பனிடம் போகிற நாள். கஜனிக்குத் திடீரென்று ஷிப்ட் மாறியது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அவசரமாகக் கேட்டது. தகப்பன் இருக்கிற விட்பிக்குப் போகும் வழியெல்லாம் பிள்ளை போனைப் பார்த்தபடி வந்தாள். இறங்கும் இடம் நெருங்கியதும் தலையை நிமிர்த்தினாள்.

"அங்கிள், அப்பாக்கு முன்னாலை வியர்டா இருக்காதேங்கோ, ப்ளீஸ். ஜஸ்ற் பி நோர்மல்."

பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிற அளவுக்கு என் முகத்தில் ஏதோ எழுதியிருந்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்த துஷாந்த் படத்தில் இருந்ததைவிடக் கட்டை. தலை உச்சியில் மயிர் கொட்டியிருந்தது. வாயில் இரண்டு ஸ்குரூவைக் கடித்துக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ" என்றான். அட்சயா தகப்பனின் புது மனைவியை, தன் சின்னம்மாவை, பார்க்க மேலே ஓடினாள். வரவேற்பறை முழுவதும் பலகைகள் பரப்பிக் கிடந்தன. பிறக்கப்போகிற குழந்தைக்குத் தொட்டில் பூட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கச் சட்டத்தைத் தலைகீழாகப் பூட்டியிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போக என் கை விடவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குந்தினேன். நான் பிடிக்க அவன் முடுக்கினான். நான் வெறுத்த மனிதனின் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"பேப்பர் தந்திருப்பா என்ன?" என்றான், என்னைப் பார்க்காமல்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் இவவோட எழுதிப்போட்டுத்தான் கட்டினனான். ஒருக்கா அந்தக் கோட்டு வாசல்லை நிண்ட ஆக்கள் எழுதாமல் செய்ய மாட்டினம்." இன்னொரு ஸ்குரூவை எடுத்தான். "ரெண்டரை வருசம் கேஸ் நடந்தது, அண்ணை. கறிச்சட்டி ஆர் வாங்கினதெண்டெல்லாம் எழுதினனாங்கள். நான் அந்தக் கொடியையும் லிஸ்டிலை போட்டனான்."

"எந்தக் கொடி?"

"நான் கட்டின கொடி. பெறுமதியான சாமான் எல்லாத்தையும் போடச் சொல்லி லோயர் சொன்னவர், போட்டன். அடுத்த முறை வரேக்கை அவ அதை ஒரு என்வலப்பிலை போட்டுக் கொண்டுவந்து மேசையிலை வச்சா. திருப்பித் தாற மாதிரி. பிறகு அது பிள்ளைக்கெண்டு எழுதி முடிச்சம்." தொட்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். "இப்ப நிக்குது."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னான். குடித்தேன். வேனில் ஏறிய பிறகு நெஞ்சுக்குள் ஒரு கல் கழன்றதுபோல இருந்தது. ஆசையில் வைத்திருக்கவில்லை, அவனிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். அந்தச் சுகம் பக்கத்து ஊரான ஏஜாக்ஸ் வரும்வரைக்கும்தான். பிறகு வேறு மாதிரித் தொடங்கியது. இரண்டரை வருடம் ஒருத்தரையொருத்தர் அப்படிக் கடித்துக் குதறுவதென்றால், அதற்கு முன்னர் எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும்? என்னோடு அவள் இதுவரை குரலை உயர்த்திக்கூடக் கதைத்ததில்லை. அவர்களுடைய சண்டையின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. பைத்தியம்தான். எல்லாரும் நூறுக்கு மேல் ஓடுகிற 401 பாதையில் எண்பதில் போய்க்கொண்டிருந்தேன், பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

அடுத்த ஞாயிறு அதே மேசை, அதே நேரம். நான்தான் தொடங்கினேன்.

"துஷாந்தோடை கொஞ்சம் கதைச்சனான். கொடியைப் பற்றிச் சொன்னவர்."

கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரை நிறுத்தினாள்.

"என்ர கதையை அவனிட்டைப் போய்க் கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை. அவராச் சொன்னது."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே! மூண்டு பக்கம் எழுதித் தந்தனான். ஒரு வரி விளங்கேல்லையெண்டா என்னட்டை வந்து கேக்கிறதுக்கு உங்களுக்கு வாய் இல்லையோ?"

அவளுடைய சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். எங்கள் முதல் சண்டை. என் வாயிலிருந்தும், ஒரு கிழமையாக நான் விழுங்கிக்கொண்டிருந்தது வெளியே வந்தது.

"அவனுக்கு ஒண்டும் எழுதாமல் எல்லாத்தையும் குடுத்தனீர். எனக்கு மட்டும் லோயர், சாட்சி, சைன். அவனை நம்பின அளவுக்கு என்னை நம்பேல்லை. அதைச் சொல்லும், நான் சைன் வைக்கிறன்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அது நம்பிக்கை இல்லை, கீதன். அது விசர், மடைத்தனம். என்ர சம்பளம் எவ்வளவெண்டு அவனுக்கு வடிவாத் தெரியாது, அவன்ர கடன் எனக்குத் தெரியாது. ஒருத்தரையொருத்தர் கேக்கிறது மரியாதை இல்லையெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தம். உங்களுக்கு நான் ஒண்டையும் மறைக்கேல்லை. அந்தக் கொடியைக்கூட. அதை எழுதேக்கை எனக்கு எப்பிடி இருந்ததெண்டு தெரியுமோ?"

அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே விளங்கியது. ஆனால் விளங்குவதால் பொறாமை எழும்பிப் போய்விடுவதில்லை. அது கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டது, அவ்வளவுதான். அது விட்ட இடத்தில் வேறொன்று கிடந்தது. நான் சொல்ல நினைக்காதது.

"நீர் செத்தா எனக்கு அறுபது நாள்" என்றேன்.

"என்ன?"

"லோயர் சொன்னவ. அறுபது நாளிலை நான் எழும்ப வேணும். எட்டு வீட்டிலை அப்பிடி எழும்பிட்டன், கஜனி. ரெண்டு மாசம் தாறம், ரெண்டு மாசம் தாறமெண்டு. எனக்கு வீடு வேண்டாம். அது பிள்ளையின்ரதான். ஆனா இன்னொருக்கா என்னை எழும்பச் சொல்லக் கூடாது."

கொண்டுவந்திருந்த உறையை அவள் பக்கம் தள்ளினேன். மூன்று வருடத்தில் அந்த எட்டு வீடுகளையும் பற்றி நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. கேட்டால் சிரித்துவிட்டு, அங்கையிங்கை இருந்தனான் என்பேன். அவள் எழுதித் தந்ததைத்தான் நான் குறை சொன்னேன். நான் எழுதாமல் விட்டதை இப்போதுதான் அவள் வாசித்தாள்.

கஜனி எழும்பினாள். பிறகு அட்சயாவின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பேனையை எடுத்தாள். உறையின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தாள்.

"எத்தினை நாள் வேணும்? சொல்லுங்கோ. லோயருக்கு நான் அனுப்புறன்."

ஒரு வருடம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஐந்து வருடமென்றால்? சாகும்வரை என்று எழுதலாமா? அப்போது அட்சயாவுக்கு எத்தனை வயதாக இருக்கும், அவளும் இந்த வாசலில் நின்றுகொண்டு என்னைப் போல நாட்களை எண்ண வேண்டுமா? கஜனி இல்லாத இந்தச் சமையலறையில் நான் மட்டும் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். எந்த எண்ணும் பொருந்தவில்லை.

"தெரியேல்லை" என்றேன்.

"எனக்கும் தெரியேல்லை" என்றாள். பேனையை மூடவில்லை.

வெளியே யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். இரண்டு பேரும் யன்னலுக்குப் போனோம். எதிர் வரிசை வீடொன்றின் வாசலில் இரண்டு ஆண்கள் பெரிய மெத்தை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. மெத்தை நடுவில் வளைந்து கதவு நிலையில் இறுகிப்போயிருந்தது. வேலியோரத்தில் கொஞ்சம் பனி உருகாமல் கிடந்தது, அதன் மேல் ஒரு மேசைவிளக்கை நட்டுவைத்தாற்போல வைத்திருந்தார்கள்.

"வீட்டுக்கு வாறினமோ, விட்டுப் போகினமோ?" என்று கஜனி கேட்டாள்.

இங்கிருந்து பார்க்கச் சொல்லத் தெரியவில்லை. வெளியே நின்றவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான், அல்லது தாங்கினான். அவளுடைய தோள் என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. மெத்தை ஒரு சாண் அசைந்தது.