முப்பத்தெட்டு வரை

1931 மார்ச் 12, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ராயபுரம் கடலோரப் பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்பில் ஆசிரியை சொக்கம்மாளின் பரீட்சைப் பாடம் தொடங்கியது.

...நொடிகளை எண்ணத் தொடங்கியிருக்கவே வேண்டாம் என்று பரீட்சை அதிகாரி தேவப்பிரியத்துக்குத் தோன்றியது, ஆனால் கடிகாரம் மடியிலேயே இருந்தது, கேள்வி கேட்டாகிவிட்டது, பதிலைக் காணோம், எட்டு, ஒன்பது... "கடல்ல உப்பு கீது. அந்தத் தண்ணிதான் மேல போயி மழையா வருது. அப்போ மழைத்தண்ணி ஏன் உப்பா இல்ல?" கேட்டுவிட்டுச் சொக்கம்மாள் மேசைமேல் கையூன்றிப் பேசாமல் நிற்கிறாள். பரீட்சை அதிகாரி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுகூடவா 'கீது', மொழிக்குப் பத்துக்கு நாலுதான் போட முடிந்தது, குரல், கரும்பலகை, ஒழுங்கு எல்லாம் கூட்டினால் இருபத்துமூன்று, வினா கேட்கும் முறைக்குக் குறைந்தது ஏழு வேண்டும், முப்பதுக்கு ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஜூனிலிருந்து வேலை இல்லை. பதினோரு வருஷம் பாடம் நடத்தியவள். அவளுக்கு மதிப்பெண் போட வந்திருப்பவளோ பயிற்சிப் பள்ளியை விட்டு வந்தே நாலு வருஷம் ஆகாதவள்... பதினைந்து. ஐந்து எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை உடைத்துக் கேளுங்கள், இல்லையேல் வகுப்பு செத்துவிடும், இதைச் சொல்லிக்கொடுத்தது யார், நான்தானே, போன மாதம், இவளும் முன்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாளே?

பின்பெஞ்சியில் மற்ற மாணவ ஆசிரியைகள் நெளிந்தார்கள். "கேள்வியக் கேட்டுட்டு அவங்களே மறந்துட்டாங்க போல கீதே," என்று ஜெரினா கிசுகிசுத்தாள், யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள், இருபத்திரண்டு, முதல் வரிசைப் பையன் ஒருவன் துள்ளிக் கையைத் தூக்கினான், அப்பாடா என்றிருந்தது, ஆனால் சொக்கம்மாள் விரலை மட்டும் அசைத்து அவனை அமர்த்திவிட்டாள். ஏன்? வந்த பதிலையும் ஏன் தள்ளுகிறாள்? அவன் எப்போதும் முதலில் எழுந்துவிடுகிறவனோ, அவன் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்களோ... வகுப்பு சாகவில்லையே. ஒரு பெண் கூரையைப் பார்த்து உதட்டை அசைக்கிறாள், ஒருவன் விரலை நாக்கில் வைத்து எதையோ சுவைத்துப் பார்க்கிறான், இத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்வதை என் வகுப்பில் ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா? நான் கேட்டு நானே சொல்லிவிடுகிற பழக்கம்... முப்பத்தைந்து. தன் பிழைப்பே இந்த மௌனத்தில் தொங்குகிறது என்று தெரிந்தும் எப்படி இவளால் நிற்க முடிகிறது? முப்பத்தெட்டு.

"டீச்சர்," என்று கடைசி வரிசையிலிருந்து ராஜாத்தி எழுந்தாள். "மீன் கொழம்பு கொதிக்கசொல்ல மூடிக்குள்ள தண்ணி நிக்கும்ல? அத்த நக்கினா உப்பே இருக்காது."

"மூடிய நக்குனியா? ஒங்கம்மா ஒதைக்கல?"

"ஒதச்சாங்க டீச்சர்."

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் சொக்கம்மாள் கரும்பலகையில் சட்டியும் மூடியும் வரைந்து, பக்கத்தில் கடலும் மேகமும் வரைந்துவிட்டாள். அதற்குமேல் அவள் விளக்கவேண்டி இருக்கவில்லை, பிள்ளைகளே விளக்கினார்கள்.

பாடம் முடிந்ததும் தேவப்பிரியம் அவளிடம் கேட்டாள், எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சொக்கம்மாள் பயந்துபோனாள், தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். "அதுங்க மூஞ்சப் பாத்தா தெரியும்மா, உள்ளார ஏதோ ஓடிகினு கீதுன்னு. ஓடசொல்ல நாம எதுக்குக் குறுக்கப் பூர்றது?" அவ்வளவுதான். இதை எப்படிக் குறிப்பாகச் சொல்லி எழுதவைப்பது, முகத்தைப் பார் என்றா, பார்த்தால் எல்லோருக்கும் தெரியுமா, எனக்கே தெரிந்ததா, நான் பார்த்துக்கொண்டிருந்தது கடிகாரத்தை அல்லவா... தேவப்பிரியம் பேனாவைத் திறந்து, வினா கேட்கும் முறைக்கு ஒன்பது என்று எழுதினாள். மொத்தம் முப்பத்திரண்டு. சொக்கம்மாள் தேறினாள்.