ஆச்சு என்று யாரும் சொல்லாத மேகம்

பம்மல் மூன்றாம் குவாரிக்கு மேல் 2017 மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு வந்து நின்ற மேகம், அதற்குப் பிறகு எட்டு வருடமும் பதினெட்டு நாளும் நகரவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். அதே நிமிடத்தில்தான் மேலே போன ஒரு செயற்கைக்கோள் தென்சென்னைப் புறநகரைப் படம் எடுத்தது. மேகத்துக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பதில் இல்லை. தெரிந்தது, நின்றது, அவ்வளவுதான். குவாரித் தெருக்காரர்கள் முதல் வாரம் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு போய் அதன் நிழலில் போட்டார்கள். சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த நிழல் குவாரியை விட்டு இறங்கவில்லை என்பதால் இஸ்திரி போடும் மோகன்ராஜ் தன் வண்டியையும் அங்கே தள்ளிக்கொண்டு போனார். கோவளத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் அங்காளம்மா கூடையை அங்கேயே இறக்கினார். ஐஸ் சாயங்காலம் வரை கரையவில்லை. வெளி ஆட்கள் யாரிடமும் இதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. நிழல் இருக்கிறது என்பதை எல்லாம் போய் யாரிடம் சொல்வது?

பம்மல் மெயின் ரோட்டில் எட்டுக்குப் பத்து அடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜென்சிக்கும் அது தெரியாது. ஜன்னல் இல்லாத கடை. பாஸ்போர்ட் சைஸ் முகங்களுக்குப் பின்னால் தொங்கும் நீலத் திரைதான் பத்தொன்பது வருடமாக அவள் பார்த்த வானம். ஒருமுறை தேவானந்தம் என்ற ரிட்டயர்டு தபால்காரரை உட்காரவைத்து, "அசையாதீங்க சார்" என்று சொன்ன கையோடு கரண்ட் போய்விட்டது. அவள் இன்வெர்ட்டரைப் பார்க்கப் போனாள். இருபது நிமிடம் கழித்து வந்தால், மனிதர் இருட்டில் தாடையைத் தூக்கியபடியே இருக்கிறார். "நீங்க இன்னும் ஆச்சுன்னு சொல்லலியேம்மா" என்றார். அன்றிலிருந்து ஜென்சி எதை மறந்தாலும் அந்த ஒரு வார்த்தையை மறப்பதில்லை.

நாற்பத்தொரு வயதில் அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. டிக்கெட் கேட்காத, வாட்ச்மேன் துரத்தாத, ஷேர் ஆட்டோ போகிற தூரத்தில், ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு போய்க் காற்றாட உட்கார ஓர் இடம் வேண்டும். முகத்தில் பரு தேடிப் பழகிய கண் என்பதால் கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் எடுத்த வான்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினாள். கூட வருவதற்குக் கணக்கு டீச்சர் ஜெரூஷாவும், ஷேர் ஆட்டோ ஓட்டும் லோகுவும், சர்ச்சில் பாடும் ஆறு பேரும் கிடைத்தார்கள். இடம்தான் கிடைக்கவில்லை. முதல் ஞாயிறு படத்தில் பச்சைப் புல்வெளியாகத் தெரிந்தது, போய்ப் பார்த்தால் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் புல். இரண்டாவது, மேடவாக்கத்துக்குப் பின்னால் நீலக் குளம். பக்கத்தில் போனால் நீலத் தார்ப்பாய் மூடிய பன்னிரண்டு தண்ணி லாரிகள். மூன்றாவது, கேளம்பாக்கம் பக்கம் வெள்ளை வெளேரென்று மணல்வெளி. அது உப்பளம். அன்று மத்தியானம் லோகு கொண்டுவந்த சாம்பாருக்கு உப்பே தேவைப்படவில்லை. ஒன்பது பேரும் சிரித்தாலும், திரும்பும்போது ஜெரூஷா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான்டி. அதுவும் சொதப்புனா நாங்க எல்லாம் மாலுக்குப் போறோம்."

அந்த வாரம்தான் ஜென்சியின் கண்ணில் மேகம் பட்டது. தன் கடையிலிருந்து இரண்டே கிலோமீட்டரில், வான்படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. சுற்றிலும் படம் எத்தனையோ முறை புதிதாகியிருந்தது. அந்தக் கட்டத்தில் மட்டும் எந்த வருடத்துப் படத்திலும் அதே மேகம், இடது ஓரத்தில் எலி கடித்தது போல ஒரு சின்னப் பள்ளத்தோடு. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்து பார்க்காத ஆள் பம்மலில் கிடையாது. 2025 ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை ஒன்பது பேரும் பட்டறைகளுக்கு நடுவே போகும் சந்தில் நுழைந்து வெளியே வந்தபோது, எதிரே வறண்ட பெரிய பாறைக்குழி, ஓரமெல்லாம் காய்ந்த நாணல், மேலே எலி கடித்த அதே மேகம். கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்தது.

"இன்னா பாக்குற? அது நவுராது" என்றார் அங்காளம்மா, சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே. "எட்டு வருசமா பாத்துகினு கீறேன். ஒரு சொட்டு வுட்டதில்ல. குந்து கண்ணு."

உட்கார்ந்தார்கள். ஜென்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாறையில் மல்லாந்து படுத்து, திரைச்சீலை இல்லாத வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். ஒன்பது பேர் பிப்ரவரியில் இருபது பேரானார்கள், மார்ச்சில் நாற்பது. சர்ச் பாட்டும் கேரமும் மீன் வறுவலும் ஒரே நிழலில் நடந்தன.

அப்படி மல்லாந்து படுத்திருந்த ஒரு நாள்தான் மேகத்தின் ஓரம் நடுங்குவதை அவள் பார்த்தாள். அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். முதல் போட்டோவுக்கு வரும் சின்னப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது தோள் இப்படித்தான் ஆடும். மேகம் போஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எடுத்தவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், ஆச்சு என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது ஜெரூஷா பதறினாள். "ஆச்சுன்னு சொல்லிட்டா அது போயிடும்டி. மறுபடியும் நமக்கு உப்பளம்தான். எத்தனை நாள் தேடுன இடம் இது!"

லோகு அண்ணாந்து பார்த்தான். "பாவம்க்கா. எட்டு வருசமா மூச்சு வுடாம கீது. நம்மளால ஒரு நிமிசம் முடியுமா?"

மார்ச் முப்பதாம் தேதி ஜென்சி குவாரியின் நடுவில் போய் நின்றாள். அதை அனுப்ப அவளுக்கு மனமே இல்லை. எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்கிற அதே குரலில், மேலே பார்த்துச் சொன்னாள்: "ஆச்சு. ரொம்ப நல்லா வந்திருக்கு. நீங்க எழுந்திருக்கலாம்."

மேகம் மூச்சு விட்டது. மோகன்ராஜின் இஸ்திரித் துணிகள் தெருக்கோடி வரை பறந்தன. பிறகு மழை. இரண்டு மணி நேரம் குவாரிக்குள் மட்டும் பெய்தது. குவாரி வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்த லோகுவின் ஆட்டோ சீட்டில் ஒரு துளி விழவில்லை. எல்லோரும் சாமானோடு மேட்டில் ஏறி நின்று பார்க்க, பாறைக்குழி முக்கால்வாசி நிரம்பியது. இளைத்துப்போன மேகம் வண்டலூர்ப் பக்கமாகப் போனது, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அடுத்த ஞாயிறு தண்ணீர் இருந்தது, நிழல் இல்லை. பாறையில் கால் வைக்க முடியாத வெயில். நாற்பது பேர் பன்னிரண்டாகி, அதற்கடுத்த வாரம் மூன்றானார்கள். ஜென்சி குடையோடு வந்து உட்கார்ந்தாள். தப்பு செய்துவிட்டோமோ என்று அவள் நினைக்கவில்லை, ஆனால் கண் அடிக்கடி வண்டலூர்ப் பக்கம் போனது. நாலாவது ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் குடைக்கு வெளியே வெளிச்சம் குறைந்தது. எட்டிப் பார்த்தால் எலி கடித்த மேகம், உள்ளே வரலாமா என்று வாசலில் தயங்கும் ஆளைப் போல வேலி ஓரத்திலேயே நின்றது.

"எதுக்குடி திரும்பி வந்திருக்கு?" என்றாள் ஜெரூஷா.

ஜென்சி குடையை மடக்கிவிட்டுத் துள்ளி எழுந்தாள். "பிரிண்ட் வாங்க வந்திருக்கு! போட்டோ எடுத்துட்டுப் பார்க்காம யாரு போவா?"

லோகு ஆட்டோவை விரட்டிக்கொண்டு போய், அந்த வான்படத்தை இருபதடிக்குப் பன்னிரண்டடி பிளெக்ஸில் அடித்துக்கொண்டு வந்தான். பாறைமேல் விரித்துப் பிடித்தார்கள். மேகம் தென்னை மர உயரத்துக்கு இறங்கி வந்து வெகுநேரம் பார்த்தது. எல்லா வாடிக்கையாளரையும் போல அதற்கும் தான் கொஞ்சம் குண்டாக விழுந்திருப்பதாகப் பட்டிருக்க வேண்டும். லேசாக உள்ளே இழுத்துக்கொண்டது. அன்று முழுக்க இருந்துவிட்டு சாயங்காலம் போனது. அதிலிருந்து ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் லீவு, அப்போது அதற்கு வேலை அதிகம்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பத்து மணிக்கு மேகம் திடீரென்று ஓரமாக ஒதுங்கி அசையாமல் நின்றது. மேலே படம் எடுக்கிறவர் வருகிறார் என்று ஜென்சிக்குப் புரிந்துவிட்டது. "எல்லாரும் வரிசையா நில்லுங்க, உயரமானவங்க பின்னாடி, அண்ணாந்து பாருங்க" என்று கத்தி, ஓடிப்போய்த் தானும் முன்வரிசையில் நின்றாள். அவள் நின்ற முதல் குரூப் போட்டோ அது. அதுவரை எல்லாவற்றையும் எடுத்தவள் அவள். இன்று வான்படத்தில் அந்தக் கட்டத்தைத் திறந்தால் நீலத் தண்ணீரும், கரையில் இரண்டு வரிசையாக நாற்பத்துமூன்று புள்ளிகளும், யாரையும் மறைக்காமல் கடைசியில் நிற்கும் மேகமும் தெரியும். முன்வரிசையில் ஆரஞ்சுப் புள்ளி ஜென்சியின் துப்பட்டா. அன்று எல்லோரும் எட்டு நிமிடம்தான் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. பிறகு அவளே வானத்தைப் பார்த்து "ஆச்சு" என்றாள், நாற்பத்துமூன்று பேரும் மேகமும் கலைந்து சாப்பிடப் போனார்கள்.