மூன்றாவது தட்டு

மூன்றாவது தட்டிலிருந்து ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட ருசியக்கா, மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ருசி பார்க்க வந்தவள் எதற்குக் காதைத் தீட்ட வேண்டும் என்று கேட்டால், அதுதான் இரண்டு மாதமாக அவள் யாருக்கும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்த சமாச்சாரம்.

ருசி பார்க்கும் அறை என்று பெயர்தானே தவிர, ஒரு ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் பலகைத் தடுப்பு அது. அதுபோல ஐந்து, வரிசையாக. ஒவ்வொன்றிலும் தலைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. சிப்ஸின் நிறத்தைப் பார்த்து யாரும் மனதை மாற்றிக்கொள்ளக் கூடாதாம், அதற்காக. மணி அடித்ததும் எதிரே உள்ள சின்னக் கதவு தூக்கப்படும், எண் மட்டும் எழுதிய தட்டு ஒன்று உள்ளே வரும். ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே தட்டு. வாசனை சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வரக் கூடாது, பூ வைக்கக் கூடாது, காலையிலிருந்து காப்பி கூடாது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் வெந்நீரும் ஒரு துண்டு ரொட்டியும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது என்று ஐந்து பேரில் ஒருவரான வேன் டிரைவர் அடிக்கடி சொல்வார்.

தொழிற்சாலை போடுவது ஐந்து ருசி. வெறும் உப்பு, தக்காளி, மிளகு, எலுமிச்சை, சீஸ். ஆனால் தட்டு ஆறு வரும். அந்த ஆறாவதுக்குத்தான் திருடன் என்று பெயர். எண்ணெய் காறிப்போன பழைய பாக்கெட் ஒன்றைப் பிரித்து, நல்ல தட்டுகளுக்கு நடுவில் எங்கேயாவது வைத்துவிடுவார் தரம் பார்க்கும் மேடம். ருசி பார்க்கிறவர்களின் மூக்கு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று தெரிந்துகொள்ள. மூன்று தடவை திருடனைத் தவறவிட்டவர் அதற்கப்புறம் அந்தப் பலகைத் தடுப்பு பக்கம் வர வேண்டாம். பதினோரு வருடத்தில் அவள் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. மூட்டை இறக்கும் பிரிவில் பெயர் தெரியாமல் கிடந்தவளுக்கு ருசியக்கா என்ற பெயர் வந்ததே அப்படித்தான். வாசலில் காவல் நிற்பவர் முதல் முதலாளி வரைக்கும் அந்தப் பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே சில சமயம் வேறு யாருடையதோ போலக் கேட்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார், பஸ் வருமா என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வது மாதிரி. நாக்கில் உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, இனிப்பும் காரமும் தெரிந்தன. அவ்வளவுதான். அதற்கு மேலே ருசி என்று நாம் சொல்வதெல்லாம் மூக்கு போடும் பிச்சை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அடுப்பில் பால் பொங்கி அடிப்பிடித்துக் கருகிய பிறகும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இருக்கும் தங்கையின் கைக்குழந்தையைத் தூக்கி உச்சந்தலையை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. குழந்தை சிரித்தது. அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள்.

தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. மூட்டை தூக்கப் போக வேண்டுமே என்ற பயம் இல்லை. உடம்பு இன்னும் தாங்கும். ருசி போன ருசியக்கா என்று ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் சிரிப்பதைத்தான் தாங்க முடியாது.

தப்பிக்க ஒரு வழி தானாகவே கிடைத்தது. பக்கத்துத் தடுப்பில் உட்காருபவர் எண்ணெய்க்காரர். வறுக்கும் கொப்பரைகளுக்கு முப்பது வருடமாக எண்ணெய் மாற்றிக்கொண்டிருப்பவர். காறிய எண்ணெய் நாக்கில் பட்டால் அவருக்கு அது சொந்த அவமானம். தொண்டையை ஒரு தடவை செருமுவார். செருமுகிறோம் என்று அவருக்கே தெரியாது. பலகை வழியாக அது நன்றாகக் கேட்கும். எந்தத் தட்டுக்கு அவர் செருமினாரோ அதன் எண்ணைத் தன் சீட்டில் எழுதி, பக்கத்தில் "திருடன்" என்று போட்டுவிடுவாள். எட்டு வாரம் அப்படியே ஓடியது. ஒவ்வொரு வாரமும் மேடம், "ருசியக்கா சொன்னா சொன்னதுதான்" என்பார். அப்போதெல்லாம் அவளுக்கு எண்ணெய்க்காரர் முகத்தைப் பார்க்கவே கூசும்.

இன்றைக்கு மூன்றாவது தட்டும் உப்பு, ஐந்தாவது தட்டும் உப்பு. இரண்டில் ஒன்று இன்று காலை வந்த புதுசு, இன்னொன்று திருடன். அவள் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்றாவதை வாயில் வைத்திருந்தபோதே, அண்ணே, செருமுங்க, இல்லேன்னா சும்மா இருங்க, எதையாவது சீக்கிரம் செய்யுங்க என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம்தான். கேட்க ஆசைப்பட்ட காதுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. "3 – திருடன்" என்று எழுதிச் சீட்டை மடித்துவிட்டாள். அதற்கப்புறம் வந்த தட்டுகளுக்கு அவள் காதே கொடுக்கவில்லை.

சீட்டுகளைக் கொடுத்த பிறகு எல்லோரும் வெளியே வட்ட மேசையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேச வேண்டும். பேசி முடித்த பிறகுதான் மேடம் சீட்டுகளைப் பிரிப்பார். இன்றைக்குப் பேச்சு வழக்கம்போல் இல்லை. புது ருசி ஒன்று வரப்போகிறது. பழைய ஐந்தில் ஒன்றை நிறுத்தியாக வேண்டும். எது உப்புச்சப்பில்லாத ருசி என்று நீங்களே சொல்லுங்கள் என்று முதலாளி விட்டுவிட்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் வேன் டிரைவர். "வெறும் உப்புதான். கடையில போய் வேற என்ன இருக்குன்னு கேக்கறவன்தான் இருக்கான். அத மட்டும் குடுன்னு கேட்டவன நான் பாத்ததில்ல."

"அது சிப்ஸே இல்ல சார், பேஷண்டுக்குக் குடுக்கற ஐட்டம்" என்றாள் டைப்பிஸ்ட். அவள் சீஸ் கட்சி. சீஸுக்காக யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நிற்பாள்.

வாசல் காவலருக்கு எலுமிச்சையைக் கண்டாலே ஆகாது. "பாத்திரம் கழுவற பவுடர நக்கின மாதிரி இருக்கு" என்றார். எண்ணெய்க்காரரும் எலுமிச்சையைத்தான் நிறுத்தச் சொன்னார். வெறும் உப்பு ஓடுவது இரண்டாம் லைனில். அங்கே அவர் எண்ணெய். பாக்கெட் போடுகிற இடத்தில் ருசியக்காவின் தங்கையோடு சேர்த்து எட்டுப் பெண்கள். வெறும் உப்பு நின்றால் அத்தனை பேர் வேலையும் போகலாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் ருசியக்காவைப் பார்த்தார்கள்.

அவள் பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் வெந்நீர் குடித்தாள். "மத்த நாலும் மேல தூவற தூள்தான். தூளத் தட்டிவிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. கெழங்கு மட்டமா இருந்தாலும் தக்காளி மூடிரும், எண்ணெய் லேசா கெட்டிருந்தாலும் சீஸ் மூடிரும். வெறும் உப்புல அது நடக்காது. ஒளிஞ்சுக்க எடமே இல்ல. அத நிறுத்தாதீங்க."

நன்றாகத்தான் பேசினாள். மனதிலிருந்துதான் வந்தது. காய்ச்சலுக்கு முன்னாலும் பின்னாலும் ஏறக்குறைய மாறாமல் இருந்தது அந்த ஒன்றுதான். மற்ற ருசிகள் அவளை விட்டுவிட்டுப் போனபோது உப்பு மட்டும் போகாமல் இருந்தது. ஆனால் "ஒளிஞ்சுக்க எடமே இல்ல" என்று சொல்லி முடித்தபோது, இதைச் சொல்ல நீ யாரடி என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

மேடம் சீட்டுகளைப் பிரித்தார். நான்கை ஒரு பக்கம் வைத்தார். ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அக்கா, நாலு பேரும் அஞ்சாவது தட்டத் திருடன்னு எழுதியிருக்காங்க. அதுதான் சரி. நீங்க மட்டும் மூணுன்னு போட்டிருக்கீங்க. மூணாவது தட்டு இன்னிக்குக் காலையில ரெண்டாம் லைன்ல இருந்து வந்தது. புதுசு."

அவள் தப்பு செய்திருப்பாள் என்று ஒருவருக்காவது தோன்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தோன்றவில்லை. அதுதான் கொடுமை.

"பதினோரு வருஷத்துல நீங்க தப்பா எழுதினதில்ல" என்றார் மேடம் யோசித்தபடி. "எங்களுக்குப் பிடிபடாத ஏதோ ஒண்ணு, அஞ்சாவதவிட மோசமா, மூணாவதுல உங்களுக்குப் பிடிபட்டிருக்கு. அப்ப ரெண்டாம் லைன் எண்ணெயிலதான் கோளாறு. நீங்க அதுக்காகப் பரிஞ்சு பேசினது வேற விஷயம், உங்க நாக்கு பொய் சொல்லாது. வெறும் உப்ப நிறுத்திடலாம்." எண்ணெய்க்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துடுங்க."

எண்ணெய்க்காரர் வாதாடவில்லை. "காலையில நானே மாத்தினேன் மேடம்" என்று மட்டும் சொன்னார். பிறகு ருசியக்காவைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். எனக்கு மூணாவது தட்டுல புரையேறிப்போச்சு, சரியா ருசி பாக்க முடியல. யாரோ நெனச்சாங்க போலிருக்கு."

நினைத்தது யார் என்று அந்த மேசையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"மேடம், அந்தச் சீட்டக் கிழிச்சிடுங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது. "எனக்கு மோப்பம் போயி ரெண்டு மாசமாச்சு. ஒண்ணும் தெரியல. அண்ணன் செருமறதக் கேட்டுத்தான் இத்தன வாரமா எழுதினேன். இன்னிக்கு அவருக்குப் புரையேறினதத் திருடன்னு நெனச்சு எழுதிட்டேன். எண்ணெயில ஒரு கோளாறும் இல்ல."

டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். வேன் டிரைவர் மேசையில் இல்லாத ஒரு தூசியைத் துடைத்தார். மேடம் நான்கு பேரையும் மறுபடி உள்ளே உட்காரச் சொன்னார். எல்லாத் தட்டும் முதலிலிருந்து, கடைசியில் எதை நிறுத்துவது என்பதும் சீட்டிலேயே. ருசியக்காவிடம், "நீங்க வெளியில இருங்க அக்கா" என்றார். திட்டவில்லை. எண்ணெய்க்காரர் எழுந்து போகும்போது அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். "நான் செருமுவேனா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் போய்விட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு இரும்பு பெஞ்சு. எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டாம் லைன். தேநீர் இடைவேளை, பெல்ட் நின்றிருந்தது. தொழிற்சாலையில் சேதிக்குக் கால் கிடையாது, இறக்கைதான். தங்கை தலையில் போட்ட வலைத்தொப்பியோடு வந்தாள், கை நிறைய, எல்லா லைனிலும் வாய் சரியாக ஒட்டாததால் ஒதுக்கிய பாக்கெட்டுகள். பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எங்கிட்டகூடவா சொல்லல?"

"எப்படிடி சொல்றது."

"பாப்பாவத் தூக்கித் தூக்கி மோந்து பாத்தியே. கொஞ்சறன்னு நெனச்சேன்." தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பாக்கெட்டைக் கிழித்தாள். "இந்தா. இது தக்காளி. மொதல்ல இனிப்பா இருக்கு. அப்புறம்... என்னமோ, தக்காளியா இருக்கு."

"புகை வாடை வரும். கடைசியில, தொண்டைகிட்ட."

தங்கை மறுபடி மென்று பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஆமா. வருது. இத்தன நாளா எனக்கு இது தெரியாது."

மிளகைப் பிரித்தாள். தும்மல் வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். சீஸுக்கு, "நம்ம டைப்பிஸ்ட் மாதிரி, வந்துட்டுப் போகவே மாட்டேங்குது" என்றாள். ருசியக்கா சிரித்துவிட்டாள். எலுமிச்சைக்கு, தோலைக் கிள்ளினால் கையில் ஒட்டும் அந்த எண்ணெய் வாசனை வருகிறதா என்று அக்கா கேட்டாள். கொஞ்சம் வருகிறது, நிறைய வரவில்லை என்று தங்கை சொன்னாள். சொல்லும் அவசரத்தில் பாதிப் பாதியாகத்தான் வந்தது, ஆனாலும் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

கடைசியாக வெறும் உப்பு. தங்கை பிரித்து, ஒன்றை எடுத்து, எதுவும் சொல்லாமல் அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் தேநீர்க் குவளைகளை வைத்துவிட்டு இரண்டாம் லைனில் போய் நின்றார்கள். ஏழு பேர், எட்டாவது இடம் காலி. "போடி" என்றாள் அக்கா. தங்கை எழுந்திருக்கவில்லை. பெல்ட் இன்னும் நகரவில்லை.

சாத்திய கதவுக்குள் ஒவ்வொரு தட்டாகப் போய்க்கொண்டிருக்கும். ருசியக்கா சிப்ஸை வாயில் போட்டாள். உப்பு வந்தது. உள்ளே யாரோ ஒருவர் செருமுகிறாரா என்று, பழக்க தோஷத்தில், மெல்லாமல் காத்திருந்தாள். உள்ளே மணி இரண்டு தடவை அடித்தது, தட்டுகள் மாறின, செருமல் மட்டும் வரவில்லை. எண்ணெய்க்காரர் இன்றைக்கு அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. நாக்கின் மேல் அந்த மெல்லிய வட்டம் சத்தமில்லாமல் ஊறிக் கரைந்துகொண்டிருந்தது.